மார்கழி, தைக் குளிரைப் பிள்ளைகளோடு கொண்டாட: விடியற்காலை முதல் நட்சத்திரம் பார்ப்பது வரை

நம் ஊர்க் குளிர்காலம் ரொம்பச் சின்னது. கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு தொடங்கி, தை கடைசியில் வெயில் உறைக்க ஆரம்பிக்கும்போது முடிந்துவிடும். அதிலும் மலைப் பகுதிகளை விட்டுவிட்டால் பகலில் குளிர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, சென்னையில் ஜனவரி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அப்படியானால் நம் குளிர் எங்கே இருக்கிறது? விடியும் முன்னும் பின்னுமாக ஒரு இரண்டு மணி நேரம், இருட்டிய பிறகு ஒரு இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். அரையாண்டு லீவில் பிள்ளைகள் ஒன்பது மணி வரை தூங்கி, மதியம் டிவி பார்த்து, சாயங்காலம் மாலுக்குப் போய் வந்தால் அந்தக் குளிரை அவர்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதனால் நான் சொல்லப்போகிற எல்லாமே அந்த நான்கு மணி நேரத்துக்குள் செய்கிற காரியங்கள். பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவில்லை.

முதலில் எழுப்புகிற விஷயத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் இது சரியாக அமையாவிட்டால் மற்றது எதுவும் நடக்காது. மார்கழியில் சூரியன் ஆறரை மணியை ஒட்டித்தான் உதிக்கிறது, ஆகவே ஐந்தரைக்கு எழுந்தாலே போதும், நாலு மணிக்கெல்லாம் யாரையும் உலுக்க வேண்டாம். முந்தின இரவு ஒன்பது மணிக்குள் படுக்கப் போட வேண்டும், இதில் மட்டும் சமரசம் கூடாது. காலையில் 'எழுந்திரு எழுந்திரு' என்று கத்துவதைவிட, எழுந்ததும் செய்ய ஒரு வேலையை முந்தின நாளே கையில் கொடுத்துவிடுங்கள்: கோலத்துக்குப் புள்ளி வைப்பது உன் பொறுப்பு, பைனாகுலரைத் துடைத்துப் பையில் வைப்பது உன் பொறுப்பு என்று. பொறுப்பு இருக்கிற குழந்தை தானாக எழுந்து வரும். காதை மூடுகிற குல்லாவோ மஃப்ளரோ ஒன்று, முழுக்கைச் சட்டை ஒன்று, குடிக்க வெதுவெதுப்பாக ஏதாவது, இவ்வளவு போதும். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுவிட்டால் ஏழு மணிக்கு வியர்த்து, அதுதான் சளி பிடிக்கக் காரணம் என்று பாட்டி நம்மைத் திட்டுவார்.

சரி, கோலத்திலிருந்து தொடங்குவோம். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்காமல் பையன்களையும் உட்கார வையுங்கள், புள்ளிக் கணக்கில் அவர்களும் சட்டென்று ஈர்க்கப்படுவார்கள். கடையில் கோலமாவு என்று விற்பது பெரும்பாலும் கல்மாவு. வெள்ளையாக எடுப்பாக விழும், ஆனால் எறும்பு சீந்தாது. வீட்டில் பச்சரிசியை ரவை மாதிரி கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள், ரொம்ப நைசாக அரைத்தால் விரலில் ஒட்டிக்கொண்டு இறங்காது. வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்ததும் உடனே மாவை எடுக்கக் கூடாது. தண்ணீர் தேங்கிய இடத்தில் விழும் மாவு கரைந்து திட்டாகிவிடும், முழுக்கக் காய்ந்த தரையில் காற்றுக்குப் பறந்துவிடும். மண்ணோ சிமெண்டோ ஈரம் உள்ளே இழுத்து, மேலே பளபளப்பு போன பிறகுதான் சரியான பதம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து மாவை எடுத்து, தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே கையை வைத்து, விரலைத் தேய்த்தபடியே கையை நகர்த்த வேண்டும். குழந்தைகள் தரையில் விரலை அழுத்திக் கோடு இழுப்பார்கள், முதல் நாள் அப்படியே விடுங்கள். இரண்டு மூன்று நாளில் கை தானாக மேலே எழும்பும்.

முதல் கோலத்துக்கு 5 புள்ளி, ஊடுபுள்ளியாக 3 வரை வையுங்கள். நடு வரிசையில் 5, அதற்கு மேலேயும் கீழேயும் இடைவெளிக்கு நேராக 4, அப்புறம் 3, மொத்தம் 19 புள்ளி. குழந்தையையே கூட்டச் சொல்லுங்கள். இப்போது நட்ட நடுப்புள்ளியிலிருந்து ஆறு மூலைப் புள்ளிகளுக்கும் ஆறு இதழ் வரைய வேண்டும். ஒவ்வொரு இதழுக்குள்ளும் சரியாக ஒரு புள்ளி மாட்டிக்கொள்ளும். இதழ்களுக்கு இடையே ஓரத்தில் ஆறு புள்ளி மிஞ்சும், அதில் ஆளுக்கொரு அகல் விளக்கோ குட்டிப் பூவோ வரையட்டும். இந்தக் கணக்கு ஒரு தடவை பிடிபட்டுவிட்டால் 7 புள்ளி ஊடுபுள்ளி 4 வரை என்று அவர்களே பெரிதாக்கிக்கொள்வார்கள், அதில் மூலைக்குப் போகும் வழியில் இரண்டு புள்ளி வரும் என்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். சிக்குக் கோலம் எட்டு வயதுக்கு மேல் ஆரம்பிக்கலாம், அதற்கு முன்னால் கோடு எங்கே போகிறது என்று குழம்பி அழுகைதான் மிஞ்சும். அடுக்குமாடியில் இருந்தால் கதவுக்கு வெளியே இரண்டு சதுர அடி இடம் போதும், அல்லது மொட்டை மாடி. போட்டு முடித்த பிறகு எறும்பு வரும் வரை பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஒரு எறும்பு ஒரு குருணையைத் தூக்கிக்கொண்டு போய், திரும்பி வரும்போது கூட்டத்தோடு வருவதைப் பார்க்கிற குழந்தை அடுத்த நாளும் கண்டிப்பாக அரிசி மாவுதான் கேட்கும்.

அடுத்தது பறவை. இந்த மாதங்களில் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு பறவை பார்க்காமல் விடுவது பெரிய இழப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். வடகிழக்குப் பருவமழை ஏரிகளை நிரப்பியிருக்கும், வட ஆசியாவின் குளிருக்குத் தப்பி ஊசிவால் வாத்தும் தட்டைவாயன் வாத்தும் இங்கே வந்திருக்கும், நம் ஊர் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற காலமும் இதுதான். சென்னைக்காரர்களுக்கு வேடந்தாங்கல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர், ஜி.எஸ்.டி. ரோட்டில் படாளம் கூட்டுரோட்டில் திரும்ப வேண்டும். ஏரிக்குள் நிற்கிற நீர்க்கடம்பு மரங்களில் பறவைகள் கூடு கட்டியிருக்கும், நாம் கரை மேல் நடந்தபடியே பார்க்கலாம். பிள்ளைகளிடம் அந்த ஊர்க் கதையைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்துகொண்டு, தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்தவர்கள் அந்தக் கிராமத்து விவசாயிகள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798-ல் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு எழுதி வாங்கினார்கள். இன்றைக்கும் தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை.

போகிற நேரம் முக்கியம். காலை ஏழு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாலை நான்கரைக்கு மேல் போக வேண்டும், அப்போதுதான் இரை தேடிப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். உச்சி வெயிலில் போய்விட்டு 'ஒன்றுமே இல்லை' என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். மழை சரியில்லாத வருடத்தில் ஏரியில் தண்ணீர் குறைந்து பறவைகளும் குறைந்துவிடும், அதனால் கிளம்பும் முன் யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம், பச்சையோ காக்கியோ போடுங்கள். பைனாகுலர் ஒன்றே ஒன்று இருந்தால் சண்டை வரும், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று முறை வையுங்கள்.

என்ன பார்க்கச் சொல்வது? நூறு பறவைப் பெயரை மனப்பாடம் செய்ய வைத்தால் அது இன்னொரு பள்ளிக்கூடம் ஆகிவிடும். நான் மூக்கை மட்டும் பார்க்கச் சொல்வேன். நத்தைகுத்தி நாரையின் மூக்கு மூடினாலும் நடுவே ஒரு சந்து தெரியும், நத்தையைப் பிடிக்க வசதியாக, ஆனால் குஞ்சின் மூக்கில் அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும். கூட்டில் அம்மாவும் குஞ்சும் பக்கத்தில் நின்றால் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் அசையமாட்டார்கள். கரண்டிவாயன் தட்டையான மூக்கைத் தண்ணீருக்குள் விட்டு இடமும் வலமுமாகத் துழாவும். அரிவாள் மூக்கனுக்குப் பெயரிலேயே மூக்கு இருக்கிறது. கூழைக்கடாவுக்குப் பை. பாம்புத்தாரா மட்டும் விதிவிலக்கு, உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க, கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வெளியே நீந்தி வரும், அப்புறம் ஏதாவது கிளையில் ஏறி இறக்கையை விரித்துக் காய வைக்கும்.

வேடந்தாங்கல் தூரம் என்றால் கவலையே வேண்டாம். நெல்லைப் பக்கம் கூந்தன்குளம் இருக்கிறது, அங்கே ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே நாரை கூடு கட்டும். ஈரோட்டுக்கு வெள்ளோடு, திருவாரூர் மாவட்டத்துக்கு வடுவூர், அரியலூர்ப் பக்கம் கரைவெட்டி, சென்னைக்குள்ளேயே பள்ளிக்கரணை. எதுவும் இல்லாவிட்டால் உங்கள் ஊர் ஏரி, கண்மாய் போதும். பொங்கல் நாட்களில், ஜனவரி 14-ஐ ஒட்டி, 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யாரும் கலந்துகொள்ளலாம். ஒரு இடத்தில் 15 நிமிடமாவது நின்று, பார்த்த பறவைகளை எண்ணிக் குறித்து, பறவைப் பதிவுகளைச் சேகரிக்கிற இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்ற வேண்டும். மொட்டை மாடியில் நின்று காக்கா, மைனா, புறா, கிளி என்று எண்ணினாலும் அதுவும் கணக்குதான். மகள் எண்ண, மகன் குறிக்க, அப்பா ஏற்ற, ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொங்கல் காலை வேலை எனக்குத் தெரியவில்லை.

ராத்திரிக்கு வருவோம். மழைக்கால மேகம் விலகிய பிறகு வானம் தெளிவாக இருக்கிற மாதங்கள் இவை. கருவி எதுவும் வேண்டாம். டிசம்பர் கடைசியில் இரவு எட்டு எட்டரைக்கு மொட்டை மாடியில் கிழக்கே பார்த்து நில்லுங்கள். ஒரே இடைவெளியில் மூன்று நட்சத்திரம் ஒன்றன்மேல் ஒன்றாக, சற்றே சாய்ந்து நிற்கும், நகர வெளிச்சத்திலும் தெரியும். அதற்கு இடது பக்கம் செம்மையாக மின்னுவதுதான் திருவாதிரை. வலது பக்கம் வெளிர்நீலமாக இன்னொன்று. அந்த மூன்று நட்சத்திரக் கோட்டை அப்படியே மேலே நீட்டினால் ஆரஞ்சு நிற ரோகிணி வரும், இன்னும் மேலே போனால் கொத்தாகக் கார்த்திகை. எத்தனை எண்ண முடிகிறது என்று போட்டி வையுங்கள், ஆறு எண்ணுகிற கண் நல்ல கண். கோட்டைக் கீழே நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் இருக்கும். ஒன்பதரை, பத்துக்கு மேல் தென்கிழக்கில் தாழ இன்னொரு பிரகாசமான நட்சத்திரம் நன்றாகத் தெரியும், அதுதான் அகத்தியர் நட்சத்திரம், பிரகாசத்தில் இரண்டாவது. லண்டனிலோ பாரீஸிலோ இருக்கிற சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது, அவர்கள் ஊரில் அது தொடுவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. இதை வீடியோ காலில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஆருத்ரா தரிசனத்தன்று களி கிண்டுகிற வீடுகளில், சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப் போங்கள். அன்றைக்கு நிலா திருவாதிரை நட்சத்திரத்துக்குப் பக்கத்துப் பகுதியில் நிற்கும், முழு நிலாவாகவோ அதற்கு மிக நெருக்கமாகவோ இருக்கும். பஞ்சாங்கத்தில் போட்டிருப்பது வானத்தில் நிஜமாகவே நடக்கிற ஒன்று என்று அப்போது அவர்களுக்குப் புரியும்.

எரிகல் பார்க்க ஆசை இருந்தால் டிசம்பர் 13, 14 இரவுகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சத்துக்கு வரும் நாட்கள் அவை. பல எரிகல் பொழிவுகளைப் பார்க்க நள்ளிரவுக்கு மேல் விழித்திருக்க வேண்டும், இது இரவு பத்து மணிக்கே நன்றாக ஆரம்பித்துவிடுவதால் பிள்ளைகளுக்கு ஏற்றது. ஊருக்கு வெளியே வெளிச்சம் இல்லாத இடம், பாய், போர்த்திக்கொள்ளப் பெட்ஷீட், கொசுவுக்கு ஏதாவது. படுத்துக்கொண்டு மொத்த வானத்தையும் பார்க்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும், நடுவில் யாராவது போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. பெரிய நிலா இருக்கிற வருடம் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமயம் வங்கக் கடலில் புயல் சின்னம் இருந்தாலும் அப்படியே.

நிஜமாகவே உறைகிற குளிரைக் காட்ட வேண்டுமென்றால் ஊட்டி. ஆனால் ஏப்ரல், மே கூட்டத்தோடு போகிற ஊட்டி வேறு, ஜனவரியில் உறைபனி பார்க்கப் போகிற ஊட்டி வேறு. தலைக்குந்தா, காந்தல் மாதிரி தாழ்வான புல்வெளிகளில் விடியற்காலையில் தரை வெள்ளை வெளேரென்று இருக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவுக்கு அடுத்த காலைதான் உறைபனி விழும். மேகம் இருந்தால் அது பூமிக்குப் போர்வை மாதிரி, சூட்டை வெளியே விடாது. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும், அதனால்தான் மேட்டில் இருக்கிற ஓட்டல் வாசலில் ஒன்றும் இல்லாமல் கீழே மைதானம் வெளுத்திருக்கிறது. முந்தின ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் காலை ஆறேகாலுக்கு வெளியே வந்துவிடுங்கள். வெயில் பட்ட சில நிமிடங்களில் எல்லாம் நீராகிவிடும்.

அங்கே செய்ய ஒரு சோதனை உண்டு. இரவு படுக்கும் முன் இரண்டு எவர்சில்வர் தட்டில் மெல்லிசாகத் தண்ணீர் ஊற்றி, ஒன்றைத் திறந்த புல்வெளியிலும் ஒன்றை வராந்தாக் கூரைக்குக் கீழேயும் வையுங்கள். புல்வெளித் தட்டில் ஒரு இலையைப் போட்டு வைத்தால் இன்னும் நல்லது. நல்ல குளிர் இரவாக இருந்தால் காலையில் திறந்தவெளித் தட்டில் கண்ணாடி மாதிரி ஐஸ் தகடு இருக்கும், உள்ளே இலை. கூரைக்குக் கீழே இருந்தது பெரும்பாலும் தண்ணீராகவே இருக்கும். ஏன் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், பதில் அவர்களிடமிருந்தே வரும். தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைக் காப்பாற்ற மிலார் என்கிற செடிகளால் மூடி வைத்திருப்பதையும், பனியில் கருகிப்போன தேயிலைத் தோட்டத்தையும் காட்டுங்கள், நமக்கு வேடிக்கையாக இருப்பது விவசாயிக்கு நஷ்டம் என்பதும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் கேட்கிறார்கள், முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். மலை ரயிலில் இடம் வேண்டுமென்றால் அதையும் முன்பே போட்டுவிட வேண்டும்.

இதற்கு நடுவே நொறுக்குத் தீனியாகப் பனங்கிழங்கு. மார்கழிக் கடைசியிலும் தையிலும் சந்தையில் கட்டுக்கட்டாக வரும். தோலை உரித்துக் கழுவி, மூழ்கத் தண்ணீர் விட்டு, உப்பும் மஞ்சள்தூளும் போட்டுக் குக்கரில் நாலைந்து விசில் விடுங்கள். ஆறினதும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட வேண்டும். நடுவில் பிளந்து, உள்ளே இருக்கிற பீலியை உருவிப் போட்டுவிட்டு, நாரை இழுத்து இழுத்துச் சாப்பிடுவதுதான் அதில் வேடிக்கை. நாமே நறுக்கித் தட்டில் வைத்தால் சுவாரசியம் போய்விடும்.

தெற்கத்திக்காரர்களுக்குத் தெரிந்த ஒன்றை மற்ற ஊர்க்காரர்களும் செய்து பார்க்கலாம்: சிறுவீட்டுப் பொங்கல். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மார்கழி முழுக்கக் கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையாரில் பூசணிப்பூ, பீர்க்கம்பூ வைப்பார்கள். அந்தப் பூவைச் சாணியோடு சேர்த்துத் தட்டி தினமும் காய வைத்து எருவாகச் சேர்ப்பார்கள். வாசலில் மண்ணால் குட்டியாக ஒரு வீடு கட்டப்படும், சுவர், வாசல், அடுப்படி எல்லாம் வைத்து. தைப் பொங்கல் முடிந்து ஒரு நாள், அந்தச் சிறுவீட்டின் முன்னால் பிள்ளைகளே குட்டிப் பானையில் பொங்கல் வைத்து, பூ எருவில் சூடம் ஏற்றி ஆற்றிலோ குளத்திலோ மிதக்க விடுவார்கள். பெரியவர்கள் சமைக்க, பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பது என்ற வழக்கம் அன்றைக்குத் தலைகீழாகிவிடும், அதனால்தான் இது எனக்கு மிகவும் பிடிக்கும். மண் வீட்டை ஒரே நாளில் முடிக்காதீர்கள். லீவு தொடங்கும்போது நாலு விரல் உயரச் சுவர், அது காய்ந்த பிறகு மேலே இன்னொரு வரிசை என்று மெல்ல எழுப்பினால்தான் விரிசல் விடாது. மண்ணில் கொஞ்சம் வைக்கோல் துண்டு கலந்தால் நன்றாகப் பிடிக்கும். மண்ணுக்கு வழியில்லாத நகரத்து வீட்டில், மாடியில் பெரிய தட்டு ஒன்றில் களிமண்ணால் கட்டலாம். அடுப்பு பற்றவைக்கும்போது மட்டும் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், பாவாடையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

போகியன்று விடியற்காலையில் மட்டும் இளைப்பு, வீசிங் இருக்கிற பிள்ளைகளை வெளியே கொண்டுபோகாதீர்கள், நகரங்களில் அன்று புகையும் பனியும் கலந்து எதிரே வருகிற ஆள் தெரியாது. வீட்டுக்குள் உட்கார்ந்து போகி மேளம் அடிக்கட்டும். டயர், பிளாஸ்டிக் எதையும் எரிக்கக் கூடாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கிற சென்னை வீடுகளுக்கு இன்னும் ஒன்று. ஜனவரி முதல் 'பங்குனி ஆமை' என்கிற கடலாமைகள் முட்டையிடக் கரைக்கு வரும், மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் நீலாங்கரை, பெசன்ட் நகர் கடற்கரையில் இரவு நடை நடத்தி முட்டைகளைப் பத்திரப்படுத்துகிறது, வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம். மணலில் பல கிலோமீட்டர், நள்ளிரவுக்கு மேல், டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. ஆமை கண்ணில் படும் என்று உறுதி எதுவும் கிடையாது, அதைக் கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சின்னவர்களுக்கு இது தாங்காது. அவர்கள் மார்ச், ஏப்ரல் வரை பொறுத்திருந்தால், பொரிப்பகத்தில் முட்டை பொரிந்து குஞ்சுகளைக் கடலில் விடுகிற சாயங்காலத்துக்குக் கூட்டிப் போகலாம்.